பத்துப் பேருக்கும் ஒரே பந்தி: கட்டுப்பாடுள்ள விருந்தினருக்குத் தாய்லாந்து விருந்து வைப்பது எப்படி

கிருஷ்ணகிரியில் வீட்டு விருந்துக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டால், பத்துப் பேருக்கும் ஒரே சாப்பாடு ஒத்துப்போவது அபூர்வம். ஒருவர் புரட்டாசி முழுக்கச் சைவம். கடைவீதி ஜைனக் குடும்பம் வெங்காயம், பூண்டு, கிழங்கு தொடாது, பொழுது சாய்ந்தபின் சாப்பிடவும் செய்யாது. உருது பேசும் நண்பருக்குக் கறி ஹலாலாக இருக்க வேண்டும். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு இறால் பட்டாலே உதடு வீங்கும். மாமாவுக்குச் சர்க்கரை, அத்தைக்கு ரத்த அழுத்தம். இப்படிப்பட்ட கூட்டத்துக்குத் தாய்லாந்துச் சாப்பாடு போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம் என்பதுதான் என் பதில். தேங்காய்ப்பால், புளி, வெல்லம், பச்சை மிளகாய், எலுமிச்சை, அரிசி என்று அந்தச் சமையலின் முக்கால்வாசி நம் வீட்டிலேயே இருக்கிறது. பாலும் கோதுமையும் அதில் மிகக் குறைவு. மீதிக் கால்வாசியில்தான் கவனம் வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே முறையைத்தான் சொல்கிறேன். எல்லாம் போட்டுச் சமைத்துவிட்டு, இவருக்காக இதை எடு, அவருக்காக அதை எடு என்று போராட வேண்டாம். யாருக்குக் கட்டுப்பாடு மிக அதிகமோ அவர் சாப்பிடக்கூடியதை முதலில் செய்யுங்கள். அதை அடிப்படையாக வைத்து மற்றவர்களுக்காக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். கட்டுப்பாடு உள்ளவரை ஓரமாக உட்கார வைத்துத் தயிர்சாதம் கொடுப்பது விருந்தாகாது. அவரும் அதே கறியை, அதே பந்தியில், பயமில்லாமல் சாப்பிட வேண்டும்.

முதலில் கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள்

இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். "நீங்க சைவமா, அசைவமா?" என்று மட்டும் கேட்டால் பாதி விவரம்தான் வரும். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடலாம்:

"வணக்கம் அண்ணா. வர்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நம்ம வீட்டில் தாய்லாந்துச் சாப்பாடு. அண்ணியோடவும் பிள்ளைங்களோடவும் கண்டிப்பா வரணும். சாப்பிட்டா ஒத்துக்காதது, டாக்டர் வேண்டாம்னு சொன்னது, விரதம், வழக்கமா தொடாதது எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரிதான் சமைக்கப்போறோம்."

கடைசி வாக்கியம் முக்கியம். நம் ஊரில் பலர் சங்கோஜப்பட்டு "எதுனாலும் சரி" என்று சொல்லிவிடுவார்கள். சமையலே இனிமேல்தான் முடிவாகப்போகிறது என்று தெரிந்தால் மனம்விட்டுச் சொல்வார்கள். பெரியவர்களிடம் செய்தியோடு நிறுத்தாமல் போனிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வந்த பதில்களை நான்காகப் பிரியுங்கள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஒன்று. சமயமும் வழக்கமும் சார்ந்தது இரண்டாவது. மருத்துவர் சொன்ன கட்டுப்பாடு மூன்றாவது. பிடிக்காதது நான்காவது. முதல் வகையில் ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது, கரண்டி மாறினாலும் தவறு. இரண்டாவதிலும் அதே கறார் வேண்டும். மீன் சாறு கலந்த கறியை ஒரு சைவக்காரர் தெரியாமல் சாப்பிட்டால் அவர் மனம் எவ்வளவு புண்படும் என்று யோசித்தால் போதும். மூன்றாவதில் அளவும் நேரமும் பெரிது. நான்காவதைத் தட்டில் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வாமை என்று சொன்னவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். சாப்பிட்டால் என்ன ஆகும்? கூடவே மருந்து வைத்திருப்பார்களா? இறாலும் மீனும் ஒன்றல்ல. இரண்டிலும் ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் வேறு வேறு. இறால் ஆகாத சிலர் மீன் தாராளமாகச் சாப்பிடுவார்கள். எனவே "கடல் உணவு ஆகாது" என்று பொதுவாகச் சொன்னால் எது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக வேகவைத்தால் ஒவ்வாமை போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இறாலின் அந்தப் புரதம் சூட்டைத் தாங்கி நிற்கக்கூடியது.

நாளும் நேரமும்

சனிக்கிழமை அசைவம் தொடாத வீடுகள் இங்கே நிறைய. அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் இருக்கும். காலண்டரைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையாக வைப்பது எளிது.

ஜைன நண்பர்கள் வருகிறார்கள் என்றால் விருந்தை முன்னேரமே வையுங்கள். நம் பகுதியில் டிசம்பர் தொடக்கத்தில் ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஆறே முக்கால் ஆகும். அவர்களுக்கு மட்டும் முன்னாலேயே பரிமாறி அனுப்பிவிட்டு மற்றவர்களை எட்டு மணிக்கு உட்கார வைப்பதைவிட, எல்லோருக்குமே ஐந்தே கால், ஐந்தரைக்குப் பந்தி போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் சீக்கிரம் சாப்பிடுவது நல்லதே. ரம்ஜான் நோன்பு மாதத்தில் மட்டும் இது நடக்காது. ஒருவர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், இன்னொருவர் சாய்ந்த பிறகுதான் சாப்பிட முடியும். வேறு மாதம் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும் பர்யுஷண் நாட்களில் ஜைனர்களின் கட்டுப்பாடு இன்னும் கூடும், பலர் பச்சைக் காய்கறியே சாப்பிட மாட்டார்கள். அந்த நாட்களையும் விட்டுவிடுங்கள்.

எங்கெங்கே ஒளிந்திருக்கும்

தாய்லாந்துச் சமையலில் கண்ணுக்குத் தெரியாத அசைவம் மூன்று. முதலாவது நாம் பிளா என்னும் மீன் சாறு. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பில் போட்டுப் பல மாதம் நொதிக்கவிட்டு எடுப்பது. நமக்கு உப்பு எப்படியோ அவர்களுக்கு இது அப்படி; காய்கறிப் பொரியலில்கூட ஊற்றுவார்கள். இரண்டாவது கபி என்னும் இறால் விழுது. சிவப்பு, பச்சைக் கறி (தேங்காய்ப்பால் குழம்பு) விழுதுகளில் அரைத்தே சேர்த்திருப்பார்கள். மூன்றாவது சிப்பி சாஸ்.

எனவே கடையில் வாங்கும் கறி விழுது டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பச்சைப் புள்ளி இருந்தால் மீனும் இறாலும் இல்லை என்று தெரியும். ஆனால் பூண்டு, வெங்காயம், கோதுமை இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. ஒவ்வாமைப் பொருட்களைத் தனியே அச்சிட்டிருப்பார்கள், அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

கோதுமை ஆகாதவர்களுக்குச் சிக்கல் சோயா சாஸில் இருக்கிறது. வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்தே தயாராகிறது. கோதுமை இல்லாதது என்று எழுதிய பாட்டில் தனியாகக் கிடைக்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜைனர்களுக்காகப் பூண்டுக்குப் பதில் பெருங்காயம் போடலாம் என்று நமக்குத் தோன்றும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒருவருக்கு நல்லது செய்யப்போய் இன்னொருவருக்குக் கெடுதலாகிவிடும். அரிசி மாவு கலந்த பெருங்காயம் என்று பார்த்து வாங்குங்கள், அல்லது பெருங்காயமே வேண்டாம். எலுமிச்சைப் புல்லின் வாசமே அந்தக் கறிக்குப் போதும்.

தேங்காய்ப்பால் பொடியில் சில சமயம் பாலிலிருந்து எடுத்த கேசினேட் சேர்ப்பார்கள். பால் ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆகாது. நம் ஊரில் தேங்காய்க்குப் பஞ்சமில்லையே, உடைத்துத் துருவிப் பிழிந்துவிடுங்கள்.

அடுத்தது வேர்க்கடலை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் செக்குக் கடலை எண்ணெய் பழக்கமுள்ள வீடுகள் ஏராளம். முழுமையாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக நீங்கிவிடுகிறது. செக்கெண்ணெயில் அது தங்கியிருக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள விருந்தினர் வந்தால் செக்குக் கடலை எண்ணெயைத் தொடவே கூடாது. அதே செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும்கூட வேண்டாம். பாக்கெட்டில் வரும் சூரியகாந்தி எண்ணெய் போதும்.

சரக்கு சேர்ப்பது

பாதிக்கு மேல் உள்ளூரிலேயே கிடைக்கும். தாய்லாந்துப் பச்சைக் கறியில் மிதக்கும் சின்னச் சின்னப் பச்சை உருண்டைகள் வேறொன்றுமில்லை, நம் சுண்டைக்காய்தான். நீளக் காராமணி, பிஞ்சுக் கத்தரிக்காய், குடைமிளகாய், பூசணி எல்லாம் சந்தையில் இருக்கின்றன. தக்காளிக்கு ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கமிருந்து வருவதைவிட வேறென்ன வேண்டும். புளி நம் இரண்டு மாவட்டங்களின் சொத்து. பழம்புளியாக இல்லாமல், அந்த வருடத்துப் புதுப்புளியாகப் பார்த்து வாங்கினால் கறி கறுக்காது.

வாசனைத் தழைகளில்தான் கொஞ்சம் அலைச்சல். எலுமிச்சைப் புல் நர்சரிகளில் கிடைக்கும். ஒரு தொட்டியில் வைத்தால் தானாகப் பெருகும். தாய்லாந்துத் துளசி என்று விற்கும் இனிப்பு வாசத் தழைக்குத் திருநீற்றுப்பச்சிலை மிக நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே இனம். நாம் கும்பிடும் துளசியைத் தாய்லாந்துக்காரர்கள் இறைச்சியோடு வதக்கிச் சாப்பிடுவார்கள். துளசி மாடம் வைத்திருக்கும் வீட்டார் வரும் பந்தியில் அந்தப் பதார்த்தத்தைத் தவிர்ப்பதே மரியாதை. அவர்கள் போடும் காஃபிர் எலுமிச்சை இலைக்குப் பதிலாகக் கொழுந்தான நாரத்தை இலையைப் போடலாம். வேப்பிலைக்கட்டிக்கு அதை இடித்த கைகளுக்கு அளவு சொல்லித்தர வேண்டியதில்லை. நடுநரம்பை எடுத்துவிட்டு மெல்லிய நூலாக அரிந்தால் சரி.

இஞ்சியைப் போலிருக்கும் பேரரத்தை மட்டும் பெங்களூரில் வாங்கிவரச் சொல்லுங்கள். தொண்ணூறு கிலோமீட்டர்தானே, வாராவாரம் யாராவது போய்வருகிறார்கள். டோஃபு (சோயா பாலில் செய்யும் பனீர் மாதிரி), ஒட்டும் அரிசி, மல்லிகை அரிசி, கோதுமையில்லாத சோயா சாஸ் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதிக் கொடுத்துவிடலாம். நாட்டு மருந்துக் கடைச் சித்தரத்தை அதன் உறவுதான் என்றாலும் காரமும் மருந்து வாடையும் தூக்கலாக இருக்கும். பேரரத்தை கிடைக்காவிட்டால் பாதி அளவு இஞ்சி போடுவது மேல்.

என்ன சமைக்கலாம்

பாட் தாய் வேண்டாம். அரிசி நூடுல்ஸை இரண்டு இரண்டு பேருக்காகப் பெரிய தீயில் வதக்கிச் சுடச்சுடப் போட வேண்டும். பத்துப் பேருக்குச் செய்தால் நீங்கள் அடுப்படியிலேயே நிற்பீர்கள். போதாததற்கு முட்டை, வேர்க்கடலை, உலர்ந்த இறால், மீன் சாறு நான்கும் அதிலேயே கலந்துவிடும்.

என் தேர்வு இது: குடிக்க எலுமிச்சைப் புல் கொதிக்கவைத்த குளிர்ந்த நீர், பப்பாளிக்காய் சாலட், காய்கறிப் பச்சைக் கறி, அசைவக்காரர்களுக்கு அதே கறியில் கோழி, மல்லிகை அரிசிச் சாதம், கடைசியில் மாம்பழமும் ஒட்டும் அரிசியும். சூப் வேண்டுமென்றால் டோம் கா வைக்கலாம். இரண்டாம் பாலும் தண்ணீரும் சமமாக ஊற்றி, எலுமிச்சைப் புல், பேரரத்தை வில்லைகள், நாரத்தை இலை, காளான் போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழிந்தால் ஆயிற்று. ஜைனர்கள் காளானும் பேரரத்தையும் சாப்பிட மாட்டார்கள் என்பதால் அவர்கள் வரும் நாளில் நான் சூப்பை விட்டுவிடுவேன்.

விழுது: ஒரே மிக்சியில் இரண்டு கட்டம்

வெங்காயம் பூண்டு இல்லாமல் தாய்லாந்துக் கறியா என்று யாராவது கேட்டால் ஜே உணவைப் பற்றிச் சொல்லுங்கள். தாய்லாந்தில் ஒவ்வொரு வருடமும் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டி, ஒன்பது நாள் சைவ விழா நடக்கிறது. புக்கெட் தீவில் அது மிகப் பெரிய அளவில் நடக்கும். அந்த நாட்களில் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றோடு பூண்டையும் வெங்காயத்தையும் விலக்குகிறார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளில் அந்தச் சாப்பாடு விற்கும். ஆக, பூண்டில்லாத பச்சைக் கறி அவர்கள் ஊரிலேயே வழக்கத்தில் உள்ளதுதான்.

பத்துப் பேருக்கான முதல் கட்டம்: பச்சை மிளகாய் 15 (நம் மிளகாயின் காரம் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், பாதிக்கு விதை எடுத்துவிடுங்கள்), எலுமிச்சைப் புல்லின் வெளுத்த அடிப்பாகம் 5, நாரத்தை இலை 6, ஒரு பெரிய கைப்பிடி கொத்தமல்லித் தழையும் தண்டும், வறுத்த தனியா ஒரு மேசைக்கரண்டி, வறுத்த சீரகம் ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. புல்லை முதலில் மெல்லிய வட்டங்களாக அரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாராக நிற்கும். கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு நைசாக அரையுங்கள். கொத்தமல்லி வேரையும் பச்சை இஞ்சியையும் இந்தக் கட்டத்தில் போடக் கூடாது. சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி போடலாமா என்று ஜைன விருந்தினரிடமே கேளுங்கள். காய்ந்த சுக்கு பலருக்கு ஏற்பு, சிலருக்கு இல்லை.

ஜைன விருந்தினர் எத்தனை பேரோ, அதற்கேற்ற விழுதை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் மூடி வையுங்கள். இப்போது ஜாரில் மீதமிருப்பதோடு சின்ன வெங்காயம் 12, பூண்டு 10 பல், கட்டைவிரல் நீளம் பேரரத்தை, கழுவிய கொத்தமல்லி வேர் சேர்த்து இரண்டாம் கட்டம் அரையுங்கள். இதுதான் மற்ற எல்லோருக்குமான விழுது. இறால் விழுது எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அதன் ஆழமான சுவை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் இறால் ஆகாதவர் பந்தியில் இருக்கும்போது அந்தச் சுவைக்காக இன்னொரு சட்டி வைப்பது தகாத ஆபத்து.

கறி

ஆறு தேங்காய் வாங்குங்கள். நான்கு கறிக்கு, ஒன்று இனிப்புக்கு, ஒன்று கையிருப்பு. முதல் பாலைத் தனியாகவும் இரண்டாம் பாலைத் தனியாகவும் எடுத்து வைக்க வேண்டும்.

அகலமான சட்டியில் ஒரு கப் முதல் பாலை ஊற்றி மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் பால் திரண்டு ஓரத்தில் எண்ணெய் பிரியும். பொறுமையாக இதைச் செய்தால்தான் கறிக்குத் தாய்லாந்து வாசம் வரும். எண்ணெய் பிரிந்த பாலில் விழுதைப் போட்டுப் பச்சை வாடை போக ஐந்து நிமிடம் வதக்கி, இரண்டாம் பாலை ஊற்றுங்கள். காய்கறி வெந்ததும் ஒரு மேசைக்கரண்டி வெல்லம், உப்பு, மீதி முதல் பால். இதற்குப் பிறகு தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. இறக்கும்போது திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போடுங்கள்.

ஜைனச் சட்டியை முதலில் வையுங்கள். அதில் காராமணி, குடைமிளகாய், பிஞ்சு மக்காச்சோளம், பூசணி. விதை மிகுந்தது என்று கத்தரிக்காயைப் பலர் ஒதுக்குவதால் அதுவும் சுண்டைக்காயும் பெரிய சட்டிக்குப் போகட்டும். டோஃபுவை இரண்டிலுமே போடலாம், சோயா ஆகாதவர் இல்லையென்றால். அடுத்து பெரிய சட்டி. கடைசியாகக் கோழி: தொடைக்கறியை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, தனி வாணலியில் இரண்டாம் கட்ட விழுதோடும் பாலோடும் வேகவையுங்கள். மீன் ஆகாதவரோ அதை விரும்பாதவரோ யாரும் இல்லையென்றால், மீன் சாறு இந்த வாணலிக்கு மட்டும் இரண்டு மேசைக்கரண்டி. பாட்டிலை மூடி உடனே எடுத்து வைத்துவிடுங்கள்.

கோழியை ஹலால் கடையிலேயே வாங்கிவிட்டால் இரண்டு விதமாக வாங்கும் வேலை இல்லை. பன்றியும் மாடும் இந்தப் பந்தியில் வேண்டாம் என்பது சொல்லாமலே புரியும்.

மீன் சாறுக்குப் பதிலாகச் சைவச் சாறு ஒன்று செய்து கிண்ணத்தில் வைக்கலாம். ஒரு கப் தண்ணீரில் கோதுமையில்லாத சோயா சாஸ் நான்கு மேசைக்கரண்டி, உலர்ந்த காளான் நான்கு, உப்பு ஒரு தேக்கரண்டி, வெல்லம் சிறு துண்டு போட்டுப் பாதியாக வற்றவிட்டு வடிகட்டுங்கள். மீன் வாடை வராது, ஆனால் நாக்கில் நிற்கும் அந்த ருசி வரும். காளான் இருப்பதால் ஜைனச் சட்டிக்கு இது கூடாது, அங்கே வெறும் உப்பு போதும்.

பப்பாளிக்காய் சாலட்

சோம் தம் என்பது உரலில் இடித்துச் செய்வது. ஒவ்வாமை உள்ளவர் வந்தால் வீட்டு உரலையும் அம்மியையும் பயன்படுத்தாதீர்கள். கல்லும் மரமும் பழைய சரக்கை உறிஞ்சி வைத்திருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுக் கையாலேயே பிசையலாம்.

ஒரு கிலோ பப்பாளிக்காயைத் தோல் சீவி, துருவி, ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வடியுங்கள். எலுமிச்சைச் சாறு ஐந்து மேசைக்கரண்டி, கரைத்த வெல்லம் நான்கு, கெட்டிப் புளிக்கரைசல் ஒன்று, நசுக்கிய பச்சை மிளகாய் நான்கு, உப்பு. இதில் நறுக்கிய காராமணியையும் நான்கு தக்காளியையும் கசக்கிவிட்டு, பரிமாறும் நேரத்தில் பப்பாளியைக் கலந்தால் தண்ணீர் விடாது. கர்ப்பிணிப் பெண் வந்தால் நம் வீடுகளில் பப்பாளிக்காய் கொடுக்க மாட்டோம். அந்த நாளில் பெங்களூரா மாங்காயைத் துருவிப் போடுங்கள். கிருஷ்ணகிரியில் அதற்கு என்ன குறை. மாங்காய் புளிப்பாக இருப்பதால் எலுமிச்சையைப் பாதியாக்குங்கள். தாய்லாந்திலும் மாங்காய் சாலட் உண்டு, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

வேர்க்கடலையை வறுத்து உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைப்பது வழக்கம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் வருகிறார் என்றால் தனிக் கிண்ணமும் வேண்டாம், அன்று வீட்டிலேயே கடலை வேண்டாம். பொட்டுக்கடலை நல்ல மாற்றுதான், ஆனால் மளிகைக் கடையில் கடலைக்குப் பக்கத்துச் சாக்கிலிருந்து அள்ளியதாக இருக்கும். தேங்காயைச் சீவல்களாக்கி வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்துத் தூவினால் அந்த மொறுமொறுப்பு கிடைத்துவிடும். முந்திரி, பாதாம் ஆகாதவர்களில் பெரும்பாலோர் தேங்காய் சாப்பிடுவார்கள். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இந்த விருந்து முழுக்கத் தேங்காய்தான்.

மாம்பழமும் ஒட்டும் அரிசியும்

ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடக் கூடாது. மூன்று கப் ஒட்டும் அரிசியை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். இட்லிப் பானையில் துணி விரித்து, நீரை வடித்த அரிசியைப் பரப்பி அரை மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஒன்றரைக் கப் முதல் பாலில் முக்கால் கப் சர்க்கரையும் முக்கால் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சூடாக்கி, வெந்த அரிசி சூடாக இருக்கும்போதே ஊற்றிக் கலந்து மூடி வைத்தால் அரை மணியில் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். பங்கனபள்ளியோ அல்போன்சாவோ நறுக்கிப் பக்கத்தில் வையுங்கள். ஒட்டும் தன்மைக்குக் காரணம் அந்த அரிசியின் மாவுச்சத்து. கோதுமையில் உள்ள குளூட்டன் இதில் கிடையாது, எனவே கோதுமை ஆகாதவரும் சாப்பிடலாம்.

ஒட்டும் அரிசி கிடைக்காவிட்டால் கறுப்புக் கவுனி இருக்கிறதே. தாய்லாந்திலும் கறுப்பு ஒட்டும் அரிசியில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அதை இரவு முழுக்க ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பது நல்லது. மாம்பழம் இல்லாத மாதங்களில் வாழைப்பழத் துண்டுகளைத் தேங்காய்ப்பாலில் லேசாக வேகவைத்துக் கொடுங்கள், அதுவும் அவர்கள் ஊர் இனிப்புதான்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும்

மல்லிகை அரிசி ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறு கிண்ணச் சாதமும் நிறையக் காய்கறியும் டோஃபுவும் என்று திட்டமிடுங்கள். நம் மலைக்கிராமங்களில் விளையும் சாமையில் ஒரு பாத்திரம் சாதம் வடிக்கலாம், தேங்காய்ப்பால் கறிக்கு நன்றாகவே சேரும். சாமைதானே என்று அளவில்லாமல் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். இனிப்பில் அவர்களுக்கு இரண்டு மாம்பழத் துண்டு போதும். எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். இன்சுலின் போடுகிறவர் நீங்கள் சொன்ன நேரத்தை நம்பி ஊசி போட்டுக்கொள்வார். பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் அவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். ஐந்தரை என்றால் ஐந்தரைக்குச் சாப்பாடு வந்துவிட வேண்டும்.

உப்புக் குறைக்க வேண்டியவர்களுக்குத் தாய்லாந்துப் பழக்கம் ஒன்று கைகொடுக்கும். அங்கே மேசையில் மிளகாய்த்தூள், சர்க்கரை, மிளகாய் போட்ட வினிகர், மிளகாய் போட்ட மீன் சாறு என்று நான்கு கிண்ணம் வைப்பார்கள். அவரவர் தேவைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். கறியில் உப்பைக் குறைத்துப் போட்டுவிட்டு உப்பையும் சைவச் சாறையும் மேசையில் வையுங்கள். எலுமிச்சைப் புளிப்பு தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவது அவ்வளவாகத் தெரியாது. உப்புக்குப் பதிலாகக் குறைந்த சோடிய உப்பு வாங்கிப் போடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது ஆபத்து. அப்படிப்பட்டவர் வருகிறார் என்றால் தேங்காய்ப்பால், தக்காளி, மாம்பழம் எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை அவரிடமே கேட்டுச் சமையுங்கள்.

விருந்து நாள்

முதல் நாள் இரவு: விழுது இரண்டும் அரைத்து ஃபிரிட்ஜில், அரிசி ஊற, எலுமிச்சைப் புல் நீர் கொதித்துக் குளிர. தேங்காய்ப்பாலை மட்டும் அன்று மதியம் பிழியுங்கள், நம் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும். இரண்டு மணிக்குக் காய் நறுக்கலாம், மூன்றரைக்கு ஒட்டும் அரிசி, நான்கு மணிக்கு ஜைனச் சட்டி, பிறகு பெரிய சட்டி, கடைசியில் கோழி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கோழி நறுக்கும் பலகையும் கத்தியும் தனி. கூட வந்து உதவுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது அன்பாக வந்து ஒரு கரண்டியை எடுத்து எல்லாச் சட்டியையும் கிளறிவிடுகிறவரால்தான்.

தாய்லாந்தில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே நேரத்தில் நடுவில் வைத்து, சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு, அவரவர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிடுவார்கள். வலது கையில் ஸ்பூன், இடது கையில் முள்கரண்டி. இந்தப் பகிர்தல் அழகானது, ஆனால் கரண்டி மாறினால் நம் உழைப்பெல்லாம் வீண். நான் சொல்வது: நடுமேசையில் சைவம் மட்டும். கோழி பக்கத்து ஸ்டூலில். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கரண்டி. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு அட்டை: "வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லை", "மீன் சாறு உண்டு", "சோயா உண்டு". கட்டுப்பாடு உள்ளவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட பிறகு மற்றவர்கள். வாழையிலை போட்டு நீங்களே பரிமாறினாலும் மிக நன்று, கரண்டி உங்கள் கையில் இருக்கும்.

விருந்தினர் உட்காரும்போது என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை வாயாலும் சொல்லுங்கள். பாட்டில், பாக்கெட் உறைகளைக் குப்பையில் போடாமல் மறுநாள் வரை வைத்திருங்கள். யாருக்காவது உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்துத் தலைசுற்றினாலோ காத்திருக்க வேண்டாம். அவரிடம் அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போடச் செய்து 108க்குக் கூப்பிடுங்கள். அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சரியாகுமா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மிச்சமான கறியை ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். சாதத்தை வெளியே வைத்திருந்து மறுநாள் சூடாக்கிக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டப்பாக்களின் மேலும் அதே அட்டையை ஒட்டிவிடுங்கள், அங்கே திறக்கப்போவது இந்தப் பந்திக்கு வராத யாராகவும் இருக்கலாம்.